கிளாடிஸ் கழித்த பூக்கள்

அல்போன்சா அலங்காரம் செய்த மாதா கோயில் பீடத்தைப் பார்த்தவர்கள், பூவைக் கொட்டி வைத்த மாதிரி இல்லை, பூவே முளைத்து வந்த மாதிரி இருக்கிறது என்பார்கள். தூத்துக்குடிக் கடற்கரைத் தெருக்களில் கல்யாணமா, பிள்ளைகள் முதல் நற்கருணை வாங்கும் புதுநன்மையா, சாவா, எதுவென்றாலும் முதலில் அவள் வீட்டுக்குத்தான் ஆள் வரும். யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை. சின்ன வயதில் கோயிலைப் பெருக்கப் போனவள், வாடின பூவை எடுத்துவிட்டுப் புதுப்பூ வைக்க ஆரம்பித்து அப்படியே அதில் விழுந்துவிட்டாள். தோவாளையிலிருந்து காலை பஸ்ஸில் வரும் கூடைகளைப் பூக்காரி இசக்கித்தாய் பிரிக்கும்போது அல்போன்சா பக்கத்தில் போய் நிற்பாள். ஈரச்சாக்கை விலக்கியதும் சம்பங்கியும் கேந்தியும் கோழிக்கொண்டையும் தெரிகிற அந்த நேரத்தில் அவள் முகமே மாறிவிடும்.

"மாப்பிள்ளையக் காட்டினாக்கூட நீ இப்படிச் சிரிச்சிருக்க மாட்டளா" என்பாள் இசக்கித்தாய்.

மாப்பிள்ளை பார்க்க அவளுக்கு யாரும் இருக்கவில்லை. அப்பா கொழும்புக்குத் தோணியில் போனவர், திரும்பி வரவில்லை. அம்மாவும் காய்ச்சலில் போய்விட்டாள். பன்னிரண்டு வயது இளையவளான தங்கை கிளாடிஸை வளர்த்து ஆளாக்குவதிலேயே அவள் காலம் போயிற்று. அதைப்பற்றி அவளுக்குப் பெரிய குறையும் இல்லை. பூ இருந்தது.

எழுபத்திரண்டாம் வருஷம் கன்னியர் மடத்துக்குப் புதிதாக ஒரு தலைவி வந்தார். மதர் பிளாரன்ஸ் என்று பெயர். பெங்களூரில் பல வருஷம் இருந்தவர். ஈஸ்டர் பூசை முடிந்ததும் பீடத்தின் முன்னால் நின்று வெகுநேரம் பார்த்துவிட்டு அல்போன்சாவைக் கூப்பிட்டார்.

"உன் கையில வரம் இருக்கு. ஆனா அந்தக் கைக்குப் படிப்பு வேணும். பெங்களூர்ல ஒரு வெள்ளைக்கார அம்மா பூ அலங்காரம் கத்துக்கொடுக்கிறாங்க. ஒரு வருஷம். தங்க இடம் எங்க மடத்துலயே இருக்கு. போறியா?"

அல்போன்சாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பூ வைக்கதுக்கு என்ன படிப்பு மதர்? இந்த ஊர்ல என் கையவிட்டா யாரு இருக்கா?"

"அதனாலதான் சொல்றேன்" என்றார் மதர்.

அந்தப் பதில் அல்போன்சாவுக்கு உறைக்கவில்லை. வந்த வாய்ப்பை வீணாக்கவும் மனம் இல்லை. பத்தாவதில் தவறிவிட்டு வீட்டில் தொடர்கதை படித்துக்கொண்டு கிடந்த தங்கையின் நினைப்பு வந்தது. "எனக்கு வேண்டாம் மதர். எந்தங்கச்சிய அனுப்புதேன். அவளுக்குத்தான் ஒரு தொழில் வேணும்" என்றாள்.

கிளாடிஸ் போகமாட்டேன் என்று அழுதாள். "எனக்குப் பூ வாசமே தலைவலிக்கும்க்கா."

"பெங்களூர் குளிரும்ளா. தலைவலியெல்லாம் பறந்துரும். போயிட்டு வா" என்று ரயிலேற்றி விட்டாள் அக்கா.

போனவள் ஒரு சான்றிதழோடும், காம்பைக் குத்தி நிறுத்த மேலே ஊசி ஊசியாக நிற்கும் கனமான ஈயத்தட்டுகள் நாலைந்தோடும் திரும்பி வந்தாள். முடியை வெட்டியிருந்தாள். சான்றிதழை அல்போன்சாவே சட்டம் போட்டு மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டினாள். அதில் அவளுக்கு உண்மையிலேயே பெருமைதான். ஆனால் கிளாடிஸ் செய்து காட்டிய முதல் அலங்காரத்தைப் பார்த்தபோது, ஒரு தட்டில் நாலு இலையும் ஒரு பூவும் நிற்பதைப் பார்த்தபோது, இதற்காகவா ஒரு வருஷம் என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டாள்.

மறுவருஷம் வில்பிரட் மகளுக்குக் கல்யாணம் வந்தது. வில்பிரட் மூன்று தோணிக்குச் சொந்தக்காரர். அவர் வீட்டு விசேஷம் எல்லாவற்றுக்கும் அல்போன்சாதான் பூ வைத்திருக்கிறாள். இந்தத் தடவை வாசலில் நின்று தயங்கித் தயங்கிப் பேசினார்.

"அல்போன்சா, தப்பா நெனைக்காத. புது ஹார்பர்ல இருந்து பெரிய ஆபீசர்லாம் வாராவ. படிச்ச பிள்ள இருக்கும்போது ஒரு தடவ அவ கையில பாப்போமேன்னு வீட்ல சொல்லுதா."

"அதுக்கென்ன அண்ணாச்சி, அவ செய்யட்டும்" என்றாள் அல்போன்சா.  தங்கை தோற்றுப்போக வேண்டும் என்று தான் ஆசைப்படுவது அவளுக்கே தெரிந்தது. தெரிந்தும் அந்த ஆசையை விரட்ட முடியவில்லை.

கிளாடிஸ் உப்பளத்துப் பக்கம் காய்ந்து கிடந்த உடைமரக் கிளைகளை வெட்டிக்கொண்டு வரச் சொன்னாள். கூடைகூடையாக வந்திறங்கிய பூவில் பாதிக்குமேல் வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டாள். வில்பிரட் வீட்டுப் பெண்கள் முகம் சுளித்தார்கள். "நல்ல காரியத்துக்கு மொட்டைக் கம்பா வைப்பாவ?" என்று ஒருத்தி காதுபடவே கேட்டாள். அல்போன்சா வாளியில் தண்ணீர் சுமந்து கொடுத்தாள்.

மறுநாள் பூசைக்கு அவள் கடைசி வரிசையில் போய் நின்றாள். பெண்ணும் மாப்பிள்ளையும் பீடத்தின் முன்னால் முழந்தாளிட்டதும் அவள் நிமிர்ந்து பார்த்தாள். அந்தக் காய்ந்த கிளை இரண்டு பக்கமிருந்தும் வளைந்து வந்து, சரியாக அவர்கள் தலைக்கு மேலே நின்றது. அதன் அடியில் கொஞ்சம் வெள்ளைச் சம்பங்கி. ஒரே ஒரு இடத்தில் சிவப்பு. மற்றதெல்லாம் வெறும் சுவர். கண் வேறெங்கும் போகவில்லை. அந்த இருவரிடம் போய் நின்றது. இத்தனை வருஷமாகத் தான் பூவைக் கொட்டிப் பீடத்தை மூடியிருக்கிறோம் என்று அல்போன்சாவுக்குப் பட்டது. யாரும் சொல்லாமலே பட்டது. 

வெளியே வந்ததும் இசக்கித்தாய் அவள் கையைப் பிடித்தாள். பூ கொடுத்த உரிமையில் வாசல்வரை வந்து எட்டிப் பார்த்திருக்கிறாள். "என்னளா ஒந்தங்கச்சி இப்படி வச்சிருக்கா? பூவே இல்லயே. ஒன் கை வருமா அவளுக்கு?"

"வராதுதான்" என்றாள் அல்போன்சா. பொய் சொன்னோம் என்று தெரிந்தது. இந்த ஊரில் அந்த அலங்காரம் எவ்வளவு நல்லது என்று முழுசாகத் தெரிந்த ஒரே ஆள் தான்தான் என்பதும் தெரிந்தது.

கிளாடிஸ் செருப்பு கடிக்கிறது என்று முனகிக்கொண்டே வீட்டுக்கு வந்தாள். வந்ததும் படுத்துத் தூங்கிவிட்டாள்.

ஹார்பர் ஆபீசர்களின் மனைவிமார் பாராட்டினார்கள் என்று வில்பிரட் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். அதன்பிறகு வந்த ஆட்களெல்லாம் கிளாடிஸைத்தான் கேட்டார்கள். அன்று முகம் சுளித்த பெண்களும் கேட்டார்கள். அல்போன்சா வாளி சுமந்தாள், கிளை வெட்டினாள், இலை துடைத்தாள். ஒரு மத்தியானம் வெட்கத்தை விட்டுக் கேட்டே விட்டாள்.

"ஏளா, எனக்கும் அதச் சொல்லிக்குடேன்."

கிளாடிஸ் நல்ல பிள்ளைதான், மறுக்கவில்லை. தட்டை எடுத்து வைத்து, தனக்குச் சொல்லிக்கொடுத்தபடியே சொல்லிக்கொடுத்தாள். முதல் கிளை தட்டின் அகலத்தைப்போல ஒன்றரை மடங்கு உயரம். அடுத்தது அதைவிடக் கொஞ்சம் குறைவு. மூன்றாவது தாழ்ந்து முன்னால் வரவேண்டும். அல்போன்சா அப்படியே வைத்தாள். வைத்துவிட்டுப் பார்த்தாள். ஏதோ ஒன்று குறைவதுபோல இருந்தது. ஓரத்தில் ஒரு செவந்தியைச் செருகினாள். அது தனியாக நிற்கிறதே என்று இன்னொன்று.

"இங்கன எடம் விடணும்க்கா."

"விட்டேனே."

"எங்க விட்ட? ரொப்பிட்டயே."

பார்த்தால் ரொப்பித்தான் இருந்தது. கை அதுவாகவே போயிருக்கிறது. பல நாள் முயன்றாள். முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தால் தப்பென்று பளிச்சென்று தெரியும். ஆனால் செய்கிறபோது அந்தக் கண் எங்கேயோ போய்விடும்.

"அந்தம்மா எங்களுக்கு மூணு மாசம் பூவே குடுக்கல. வெறும் குச்சிதான். நான் அழுதுட்டேன்" என்றாள் கிளாடிஸ் கொட்டாவி விட்டுக்கொண்டே. "நீ இத்தன வருசம் ஒன் இஷ்டத்துக்குச் செஞ்சிட்ட. இனிமே எப்படிக்கா மாறும்? விடேன்."

அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அதனால்தான் கூடுதலாக வலித்தது.

எழுபத்தைந்தில் கிளாடிஸுக்கு மாப்பிள்ளை அமைந்தது. பவுல் என்று பெயர், சாகுபுரம் பாக்டரியில் வேலை, குவார்ட்டர்ஸ் உண்டு. கல்யாணத்துக்குப் பிறகு ஊரார் வீட்டுக்குப் பூ வைக்கப் போகவேண்டாம் என்று மாப்பிள்ளை வீட்டார் முதல் பேச்சிலேயே சொல்லிவிட்டார்கள். அல்போன்சாவுக்குத் துணுக்கென்றது. கிளாடிஸ் சந்தோஷமாகத் தலையாட்டினாள்.

"நெசமாவே விட்டுருவியா?" என்று தனியாகக் கேட்டாள் அல்போன்சா.

"எனக்கு எப்பம்க்கா பிடிச்சிச்சி? நீ அனுப்பினன்னு போனேன்."

கல்யாணத்தன்று தங்கை கையில் பிடிக்கும் பூச்செண்டை மட்டும் நான்தான் கட்டுவேன் என்று அல்போன்சா சொல்லிவிட்டாள். கொடைக்கானலிலிருந்து வெள்ளை ரோஜா சொல்லி வரவழைத்தாள். அவளுக்குத் தெரிந்த அத்தனையும் அந்தச் செண்டில் இருந்தது. ரோஜா, அதைச் சுற்றிச் சம்பங்கி மொட்டு, இடையிடையே மெல்லிய பச்சைத் தழை, கீழே தொங்கும் வெள்ளை ரிப்பன். அம்மா இல்லாத பிள்ளையை வளர்த்த கை கட்டியது அது.

"நல்லா இருக்குக்கா" என்றாள் கிளாடிஸ். கார் வரத் தாமதமானது. அவள் நாற்காலியில் உட்கார்ந்து பூச்சரம் தொங்கவிட்ட வாசலைப் பார்த்துக்கொண்டு, தோழி ஒருத்தியோடு ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தாள். பேச்சு ஓடிக்கொண்டிருக்க, அவள் விரல்கள் செண்டிலிருந்து ஒரு ரோஜாவை உருவின. பிறகு இரண்டு. சம்பங்கியில் ஒரு கொத்து. பச்சைத் தழையில் பாதி. ரிப்பனை அவிழ்த்துக் குட்டையாக முடிந்தாள். உருவியதையெல்லாம் பார்க்காமலே பக்கத்தில் நீட்டினாள். பக்கத்தில் நின்றவள் அல்போன்சா. கையை ஏந்தி வாங்கிக்கொண்டாள்.

கார் வந்தது. கிளாடிஸ் எழுந்து நின்றாள். அவள் கையில் இருந்த செண்டு அவ்வளவு அழகாக இருந்தது. அல்போன்சா கட்டியதைவிட அழகாக இருந்தது. எல்லோரும் வண்டியில் ஏறிக்கொண்டிருக்க, இரண்டு கை நிறையக் கழித்த பூவை வைத்துக்கொண்டு எங்கே போடுவது என்று தெரியாமல் அவள் நடுவீட்டில் நின்றாள். கடைசியில் அடுப்படியில் ஒரு சட்டியில் போட்டு மூடிவிட்டுக் கோயிலுக்கு ஓடினாள்.

தங்கை போனபின் தொழில் மறுபடி அவளிடமே வந்தது. கிளாடிஸ் செய்தது மாதிரி செய்து தா என்றார்கள். செய்தாள். அவர்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை, நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவளுக்குத் தெரிந்தது. பழையபடி ரொப்பிச் செய்தாலும் முன்னிருந்த சந்தோஷம் வரவில்லை. ஈரச்சாக்கை விலக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு, "சீக்கிரம் போடு, வேல கெடக்கு" என்று இசக்கித்தாயிடம் சிடுசிடுத்தாள்.

இரண்டு வருஷம் அப்படிப் போயிற்று. பிறகு ஒருநாள் ஒரு முடிவோடு பஸ் ஏறி, ஆறுமுகநேரி தாண்டி, சாகுபுரத்துக்குப் போனாள். கிளாடிஸ் இடுப்பில் பிள்ளையோடு கதவைத் திறந்தாள். உடம்பு பூசியிருந்தது. முன்னறையில் ரேடியோப் பெட்டிமேல் ஒரு ஜாடியில் பிளாஸ்டிக் ரோஜா திணித்து வைத்திருந்தது. அதன்மேல் தூசி படிந்திருந்தது.

காப்பி குடித்து முடித்து, டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அல்போன்சா சொன்னாள்: "நான் பெங்களூர் போலாம்னு பாக்கேன். அந்த அம்மாட்டப் படிக்க. குச்சியில இருந்தே ஆரம்பிக்கேன், அழுதாலும் பரவால்ல. நீ ஒரு வார்த்த எழுதிப்போட்டா சேத்துக்கிடுவாவல்லா?"

கிளாடிஸ் பிள்ளையின் வாயைத் துடைத்தாள். "அந்தம்மா சீமைக்கே போயிட்டாவக்கா. பள்ளிக்கூடத்த மூடியாச்சி."

"எப்பம்?"

"போன வருசமே. மதர் எழுதியிருந்தாவ. ஒன்ட்டச் சொல்லணும்னு தோணல. ஒனக்கு எதுக்குன்னு நெனைச்சிட்டேன்."

அல்போன்சா சரி என்றாள். பிள்ளையைக் கொஞ்ச நேரம் மடியில் வைத்திருந்தாள். தங்கிவிட்டுப் போகச் சொன்னாள் கிளாடிஸ். வேலை கிடக்கிறது என்று சொல்லிவிட்டு மூன்று மணி பஸ்ஸைப் பிடித்தாள்.

தெருவுக்குள் நுழையும்போதே ஆள் காத்திருந்தது. தெருக்கோடி வீட்டுக் கிழவி அந்தோணியம்மாள் இறந்துவிட்டாள். பெட்டிமேல் வைக்கப் பூவளையம் வேண்டும், அல்போன்சா கைதான் வேண்டும் என்று மகன் சொல்லிவிட்டானாம். உட்கார்ந்து வாழைமட்டையை வளைத்துக் கட்டி, கேந்தியையும் கோழிக்கொண்டையையும் நெருக்கிக் குத்தினாள். ஒரு விரல் நுழைய இடம் இல்லை.

கல்லறைத் தோட்டத்தில் எல்லோரும் அதைத்தான் பார்த்தார்கள். "கிழவிக்குக் கொடுத்து வச்சிருக்கு. எவ்வளவு பூ பாரு" என்றார் வில்பிரட். கடல் காற்றில் கேந்தி இதழ்கள் அசைந்தன. அதில் பூ அதிகம் என்று அல்போன்சாவுக்குத் தெரிந்தது. எந்தப் பூ அதிகம் என்றுதான் தெரியவில்லை. பெட்டி வளையத்தோடு குழிக்குள் இறங்கியது. அவளும் ஒரு பிடி மண் அள்ளி வளையத்தின்மேல் போட்டாள்.