வெள்ளியைப் பற்றி ஓர் உரை, கேட்டவர் இருவர்

1

இந்தக் கதை என்னுடையதல்ல. கண்டியை ஒட்டிய கட்டுகஸ்தோட்டையில் என் வீட்டுக்கு எதிரே குடியிருக்கும் ஸக்கியா உம்மா சொன்னது. அரிசிமா திரிக்க மில்லில் காத்துநின்ற ஒரு காலையில், "நீங்க கதை எழுதுற ஆளாமே மகள்? எனக்கிட்ட ஒண்டு ஈக்கி. முடிவுதான் இல்ல" என்றார். தனியாக வாழ்பவள் நான். யாராவது பேச்சுக் கொடுத்தால் மாவை மறந்துவிடுவேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

1983 ஜூலையில் கண்டி நகரம் வெள்ளிக் கிரகத்தைப் போலக் கொதித்துக்கொண்டிருந்த

வாசித்துக் காட்டியதும் அவர் கையை உயர்த்திவிட்டார். "டீச்சர் அப்புடி ஒண்டும் சொல்லல்ல. அவ வெள்ளியப் பத்தி மட்டும்தான் பேசினா."

வாக்கியத்தை அங்கேயே விட்டுவிட்டேன். நீங்களும் அதைத் தாண்டி வந்துவிடுங்கள்.

2

டீச்சரின் பெயர் கமலாசனி. யாழ்ப்பாணத்தவர், கலியாணம் ஆகாதவர், கண்டியில் பௌதிகவியல் படிப்பித்தவர். ஸக்கியாவின் வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் வாடகைக்கு இருந்தார். அந்த ஜூலை மாதக் கடைசியில், தமிழ்ச் சங்கம் ஒன்றில் வெள்ளியைப் பற்றிப் பேச ஒத்துக்கொண்டிருந்தார்.

பேச்சுக்குச் சில நாட்கள் இருக்கும்போது கலவரம் வெடித்து, டவுனில் தமிழர்களின் கடைகள் எரிந்தன. ஸக்கியா குசினிக் கதவைத் திறந்து டீச்சரை உள்ளே இழுத்து, சாமான் அறையில் நெல் மூட்டைகளுக்குப் பின்னால் இருத்தினார். ஸக்கியாவின் கணவர் அப்போது சவூதியில். வீட்டில் அவரும் இரண்டு சின்னப் பிள்ளைகளும்தான். டீச்சரின் கட்டில், புத்தகங்கள், கதிரைகள் எல்லாம் ரோட்டில் போட்டுக் கொளுத்தப்பட்டன. சத்தம் சுவருக்கு இந்தப் பக்கம் நன்றாகக் கேட்டது.

மூன்றாம் நாள் கணவரின் தம்பி பாயிஸ் வந்தார். "அவங்க இங்க ஈக்கிறது தெரிஞ்சா நம்மளயும் சேத்து எரிப்பாங்க. அனுப்பிடுங்க" என்றார். ஸக்கியா மறுத்துப் பார்த்தார். மூட்டைகளுக்குப் பின்னால் இருந்த டீச்சருக்கு எல்லாம் கேட்டது. மறுநாள் டீச்சர் தானாகவே எழும்பி ஆமி ட்ரக்கில் ஏறி அகதி முகாமுக்குப் போனார். முகாமில் இருந்தவர்களில் பலர் பஸ்ஸிலும் கப்பலிலும் வடக்கே போய்விட்டார்கள். டீச்சர் மட்டும், தள்ளிப்போன பேச்சைப் பேசிவிட்டே போவதென்று, கண்டியிலேயே கட்டுக்கலைப் பக்கம் ஒரு அறை எடுத்துக்கொண்டு தங்கினார்.

[இந்த இடத்தில் கமலாசனியை நான் சந்தேகித்தேன். ஒரு பேச்சுக்காக யாராவது இப்படி நிற்பார்களா? ஸக்கியா உம்மாவிடம் கேட்டேன். "மனிசிக்கு வேற என்ன மிச்சம் ஈந்திச்சு?" என்றார். சந்தேகம் தீரவில்லை, ஆனால் மேலே எழுத முடிந்தது.]

3

பேச்சு அடுத்த வருடம் பெப்ரவரியில், ஒரு சனிக்கிழமை பின்னேரம் நடந்தது. மண்டபக் காவலாளி பழனியாண்டி, புசல்லாவைக்காரர், கதிரைகளை வரிசையாகப் போட்டிருந்தார். கதிரைகள் நிரம்பவில்லை. கலவரத்துக்குப் பிறகு சங்கத்தின் தலைவர் லண்டனில், செயலாளர் மதுரையில். அறிவித்தலைக் கடைச் சுவரில் கண்டு வந்த ஸக்கியா முன்வரிசையில் தனியே உட்கார்ந்திருந்தார். வாசலுக்கு வெளியே, டீச்சரை யாழ்ப்பாணத்துக்குக் கூட்டிப்போக வந்த தம்பி விமலநாதன் பயணப் பையோடு நின்றார். உள்ளே வர மறுத்துவிட்டார்.

"ஆரும் வரேல்லைப் போலை" என்றார் டீச்சர்.

"நாங்க ரெண்டு பேரு இருக்கோமே, பேசுங்க" என்று பழனியாண்டி கடைசி வரிசையில் உட்கார்ந்தார்.

டீச்சர் மேடையில் கொஞ்ச நேரம் பேசினார். மண்டபம் அவர் குரலைத் திருப்பி அவருக்கே அனுப்பியது. பிறகு இறங்கி வந்து ஒரு கதிரையை இழுத்துப் போட்டு அவர்களோடு இருந்தார். பழனியாண்டியும் முன்னுக்கு வந்தார்.

பூமியும் வெள்ளியும் ஏறக்குறைய ஒரே பருமன் என்று தொடங்கினார். வெள்ளியை மூடியிருக்கும் மேகம் ஒருபோதும் விலகாது. அதனால் அதற்குக் கீழே கடல் இருக்கும், காடு இருக்கும் என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தோம். பிறகு கலங்கள் போய் அதைச் சுற்றின. அவை ரேடியோ அலையை அனுப்பும். அலை மேகத்தைத் துளைத்துத் தரையில் பட்டுத் திரும்பும். திரும்பிவர எடுத்த நேரத்தை வைத்து மேடு எது, பள்ளம் எது என்று கணக்கிடுவார்கள். கடல் இல்லை. எரிமலைக் குழம்பு உறைந்த சமவெளிகளும், எவரெஸ்டை விட உயர்ந்த ஒரு மலையும் இருந்தன. ஈயம் உருகும் சூடு. ஜூலையில் வழியில் இருந்த இரண்டு ரஷ்யக் கலங்கள் ஒக்டோபரில் போய்ச் சேர்ந்து, இப்போது இன்னும் துல்லியமாகப் படம் எடுக்கின்றன.

"இறங்கின கலங்கள் கொஞ்ச நேரத்திலை செத்துப்போகும். சுத்தி நிக்கிறதுகள்தான் வருசக்கணக்கா எங்களுக்குச் சொல்லித் தருகுது."

"அங்க மழை பேயுங்களா?" என்று பழனியாண்டி கேட்டார்.

"பெய்யும். அமில மழை. ஆனால் தரைக்கு வந்து சேராது. பாதி வழியிலையே ஆவியாப் போயிடும்."

பழனியாண்டி வெகுநேரம் தலையாட்டினார்.

ஸக்கியா கேட்டார்: "இவ்வளவு பக்கத்துல ஈந்தும் நமக்கு ஒண்டும் தெரியாமப் போச்சா டீச்சர்?"

"பக்கத்திலை இருந்தபடியால் தெரியுமெண்டு நினைச்சம்."

[இந்த வரிக்குக் கீழே அரைப் பக்க விளக்கம் எழுதி, ஸக்கியா உம்மாவின் முகத்தை நினைத்துக் கிழித்துவிட்டேன்.]

4

இரண்டு முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

முதலாவதில், மூவரும் வெளியே வருகிறார்கள். மேற்கே வெள்ளி மின்னுகிறது. அழகாகத்தான் இருந்தது. ஆனால் பஞ்சாங்கத்தைத் தேடிப் பார்த்தால் அந்த மாதம் வெள்ளி விடிவெள்ளி. பின்னேரத்தில் அது வானத்திலேயே இல்லை.

இரண்டாவதில், பின்னாளில் வடக்கில் ஒரு ஷெல் வந்து டீச்சரின் வீட்டில் விழுகி

"எழுதாதீங்க. அவ மௌத்தானத நாம கேள்விப்படல்ல" என்றார் ஸக்கியா உம்மா. வராத மரணச் செய்தியை நான் எழுதக் கூடாதாம். பேனாவை மூடினேன்.

5

நடந்தது இதுதான். விமலநாதன் வாசலில் நின்று, "அக்கா, பஸ்ஸுக்கு நேரமாகுது" என்றார். டீச்சர் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு எழும்பினார். ஸக்கியா அவர் கையைப் பிடித்தார்.

"போகாதீங்க டீச்சர். எங்கட ஊட்டுல நில்லுங்க. எனக்கும் பேச ஆளில்ல."

டீச்சர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. தம்பியைப் பார்த்தார், ஸக்கியாவைப் பார்த்தார்.

"நிக்க எனக்கும் விருப்பம்தான். ஒண்டு கேக்கிறன், ஸக்கியா. திரும்பவும் அப்பிடியொரு நாள் வந்தால், பாயிஸ் திரும்பவும் வந்து நிண்டால், என்ன சொல்லுவீங்கள்?"

ஸக்கியா பிடித்த கையை விடவில்லை. பழனியாண்டி கதிரைகளை மடக்கத் தொடங்கினார். டீச்சர் காத்துநின்றார், அவசரப்படுத்தவில்லை. பிறகு ஸக்கியாவின் கையை மெல்லத் தட்டிவிட்டு, தம்பியோடு படியிறங்கிப் போனார். அதற்குப் பிறகு போரில் வடக்குக்குப் போகும் பாதை மூடியது, திறந்தது, மறுபடி மூடியது. ஒரு செய்தியும் வரவில்லை.

"இப்ப என்ன சொல்லுவீங்க?" என்று நான் கேட்டேன்.

"நாப்பது வருசமா யோசிக்கிறேன் மகள். நூறு பதில் வருது. அவ நம்புற மாதிரி ஒண்டும் வரல்ல. நீங்க எழுதுற ஆள்தானே, நீங்க ஒண்டு சொல்லுங்களேன்."

என்னிடமும் இல்லை. அதனால் கதையை டீச்சர் காத்துநின்ற அந்த இடத்திலேயே நிறுத்துகிறேன். அவர் இன்னும் படியிறங்கவில்லை. ஸக்கியாவின் இடத்தில் இப்போது நீங்கள் நிற்கிறீர்கள். டீச்சர் உங்கள் முகத்தைத்தான் பார்க்கிறார்.

"                                        "