நடுவீட்டில் சாளை

பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சாண் இடம்கூட இருக்காது. அதற்குள் போய் ஒண்டிக்கொண்ட பூனை இரண்டு நாளாக வெளியே வரவில்லை. சண்முகசுந்தரி தரையில் கன்னம் பதியப் படுத்துப் பார்த்தாள். கண்கள் மட்டும் தெரிந்தன. முன்னால் வைத்திருந்த பால்சோற்றில் எறும்பு மொய்த்திருந்தது.

பாளையங்கோட்டைக் காப்பகத்தில் அதை யாரும் கேட்டதேயில்லை. பூனை வாங்க வருகிறவர்கள் மடியில் ஏறி விளையாடுகிற குட்டிகளைத்தான் பார்த்தார்கள். கிழிந்த காதோடு மூலையைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்த இதைக் கண்டதும், "இதுதான் வேணும்" என்று சொல்லிவிட்டாள். இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவள் வாய்விட்டு வேண்டும் என்று கேட்டது அநேகமாக இது ஒன்றுதான். காப்பகத்துப் பெண் தேன்மொழி ஒரு தீனிப் பாக்கெட்டையும் நீட்டினாள். அட்டையில் மீன் படம். சைவ வீட்டுக்காரிக்குக் கை கூசியது. "எங்க வீட்ல பாலுக்கும் நெய்க்கும் கொறச்சலே இல்லம்மா" என்று பெருமையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். பூனையை யார் கேட்டார்கள்?

இன்று காலை தேன்மொழி போனில் பதறிவிட்டாள். "பூனை பட்டினி தாங்காது யக்கா. சாளை மீன் அவிச்சு வைங்க, வாடைக்கு வரும். அதையும் திங்கலேன்னா சாயந்தரம் வந்து கூட்டிட்டுப் போயிருதேன்."

கணவர் பூதலிங்கம் ஈசிசேரில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். தாலுகா ஆபீசிலிருந்து ஓய்வு பெற்றவர். உத்தரவு போடுவதிலிருந்து இன்னும் பெறவில்லை. "கொண்டு போட்டும். விட்டுது தொல்ல" என்றார்.

அவளுக்குச் சுருக்கென்றது. செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினாள்.

உவரிக் கடல் மீனைப் பெட்டியில் கட்டி பைக்கில் வருகிற அண்ணாச்சி அந்தத் தெருவில் மட்டும் கூவாமல் கடந்து போவார். அவள் கையைக் காட்டி மறித்து சாளை கேட்டதும் அவருக்கே சங்கடமாகிவிட்டது.

"யாருக்கும்மா?" என்று பையக் கேட்டார்.

"எங்க வீட்டுக்குத்தான்" என்றாள், எதிர்வீட்டு ஜன்னலுக்கும் கேட்கட்டும் என்று.

புறவாசலில் பழைய ஸ்டவ்வைப் பற்றவைத்து அவித்தாள். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாளே தவிர, அடுப்பை அணைக்கவில்லை. முள்ளெடுத்துத் தட்டில் போட்டு எழுந்தபோது பூதலிங்கம் நிலைப்படியில் நின்றார்.

"புறவாசலோட இருக்கட்டும். நடுவீட்டுக்குள்ள வந்துதுன்னா இன்னைக்கு நான் கை நனைக்க மாட்டேன்."

"அது ரெண்டு நாளாப் பட்டினி கெடக்கு. நீங்க ஒருவேள கெடந்து பாருங்க."

அவர் நகரவில்லை. தட்டை அவர் மூக்குக்கு நேராக உயர்த்திப் பிடித்தாள். தன்னால் வழி கிடைத்தது. சாமி படங்களைத் தாண்டி நடந்து, பீரோவின் முன்னால் தட்டை வைத்து, சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்தாள். அவர் இருக்கும்போது அவள் அப்படி உட்கார்ந்ததே கிடையாது.

வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கிழிந்த காது ஒன்று தெரிந்தது. பூனை ஒரு துண்டைக் கவ்வி இருட்டுக்குள் இழுத்துக்கொண்டு போனது. சவைக்கிற சத்தம் கேட்டது. திரும்பவும் வந்தது. இம்முறை தட்டைத் தாண்டி வந்து அவள் விரலை முகர்ந்தது.

"கையக் கழுவிட்டு வந்து சோத்தப் போடு" என்றார் பூதலிங்கம், துண்டால் மூக்கைப் பொத்தியபடி.

"பானையில இருக்கு, போட்டுக்கோங்க" என்றாள் பைய.

கையை அசைக்கவில்லை. சொரசொரப்பான நாக்கு அவள் விரல்களை ஒவ்வொன்றாக நக்கத் தொடங்கியது.