பத்து மடக்குத் தண்ணீர்

பெட்டிக்குள் கிடத்தியிருந்த அப்பாவின் கழுத்துப் பட்டனைக் கிறிஸ்டி போட்டுக்கொண்டிருந்தபோது அவருடைய கைபேசி அடித்தது.

“தேவானந்தம் சாருங்களா? நாளைக்குப் பத்து மணிக்கு செகண்ட் டெஸ்ட். நைட்ல இருந்து ஒண்ணும் சாப்பிடாம வரச் சொல்லுங்க.”

“அப்பா வரமாட்டாங்க சிஸ்டர்.”

“வேற டேட் தரவா?”

“வேணாம்.”

மூன்று வருடமாக அவருக்குச் சோறு சரியாக இறங்கவில்லை. இரண்டு மாதத்துக்கு முன் மூக்கு வழியாகக் குழாய் விட்டு, பத்து மடக்குத் தண்ணீர் குடிக்கச் சொல்லி, விழுங்கும் அழுத்தத்தை அளந்தார்கள். பத்துத் தடவையும் உணவுக்குழாயின் அடிவாசல் திறக்கவில்லை. பலூன் வைத்து விரித்துவிட்டார்கள். மறுபடி அளந்தால்தான் பலன் தெரியும் என்றார் டாக்டர்.

“இந்த வயசுல எனக்கு எதுக்கும்மா” என்றவரை இழுத்துக்கொண்டு போனது அவள்தான். குழாய் இறங்கும்போது அவர் கண்ணில் நீர் வழிந்ததைப் பார்த்ததும் அவள்தான். நேற்றுக் காலை சிட்லபாக்கம் ஏரிக்கரையில் நடக்கப் போனவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், அவ்வளவுதான். “இப்ப நல்லா இறங்குதும்மா” என்று அவர் சொன்னதை அவள் நம்பியதில்லை. முன்பும் அப்படிச் சொல்லிவிட்டுத்தான் பின்பக்கம் போய்த் துப்புவார், பொல்லாத மனுஷன். கடைசிக் காலத்தில் அவரை வதைத்ததுதான் மிச்சமா? அந்தக் கேள்வி அவளை நேற்றிலிருந்து அரித்துக்கொண்டிருந்தது.

சர்ச்சில் திருவிருந்து எடுக்கும்போது ஒருநாள் அப்பம் இறங்காமல், இருமிக் கைக்குட்டையில் துப்ப வேண்டி வந்தது. அதன்பின் எல்லோரும் போய் மண்டியிட, அவர் மட்டும் பெஞ்சிலேயே இருப்பார். சபையாருக்குக் காரணம் கண்டுபிடிக்க நேரமா ஆகும்? தம்பி எட்மண்டோடு பாகப்பிரிவினையில் மனஸ்தாபம், ஒப்புரவாகாமல் எப்படி அப்பத்தைத் தொடுவார் என்று முடிவுகட்டினார்கள். அப்பா மறுக்கவில்லை. நோயாளி என்பதைவிடக் கோபக்காரன் என்பது அவருக்குக் கௌரவமாக இருந்தது. எட்மண்ட் சித்தப்பாவும் அதையே நம்பி, முதல் ஆராதனைக்கு மாறிக்கொண்டார். வீட்டு வாசலை மிதிப்பதில்லை.

இப்போது அவர் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். இன்றைக்காவது சொல்லிவிட வேண்டுமென்று கிறிஸ்டி ஆஸ்பத்திரி ஃபைலை எடுத்துக்கொண்டு போனாள்.

“உள்ள வாங்க சித்தப்பா. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அப்பா உங்க மேல…”

“தெரியும்மா. அண்ணன் என்னை மன்னிச்சிட்டாரு.”

அவளுக்குப் புரியவில்லை.

“போன ஞாயித்துக்கிழமை ஃபர்ஸ்ட் சர்வீசுக்கு வந்தாரே, உனக்குத் தெரியாதா? எல்லா எடமும் காலியா இருந்திச்சி. என் பக்கத்துல வந்து முட்டி போட்டாரு. கம்யூனியன் எடுத்தாரு.”

அன்றைக்கும் நடக்கப் போகிறேன் என்றுதான் சொல்லிவிட்டுப் போனார்.

“அப்பத்தை முழுங்கினாங்களா?”

“என்னம்மா கேள்வி இது? முழுங்கினாரு.”

“இருமலையே? கைக்குட்டை எடுக்கலையே?”

“இல்லம்மா. எந்திரிக்கும்போது என் தோளைப் பிடிச்சிக்கிட்டாரு. மூணு வருஷக் கோவத்தை ஒரு நிமிஷத்துல விட்டுட்டாரு.” அவருக்குக் குரல் உடைந்தது. “நீ என்னமோ சொல்ல வந்தியே?”

நேற்றிலிருந்து வராத அழுகை கிறிஸ்டிக்கு இப்போது வந்தது. அதில் சந்தோஷமும் இருந்தது. ஃபைலை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

“ஒண்ணுமில்ல சித்தப்பா. உக்காருங்க, தண்ணி கொண்டாறேன்.”

அவர் ஒரு மடக்கை வாயில் வைத்துக்கொண்டு, பெட்டியைப் பார்த்தபடி அப்படியே இருந்தார். அது இறங்கும்வரை கிறிஸ்டி அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.