புகைபோக்கிக்குப் பின்னால்

கனெக்டிகட் மலைப்பக்கத்தில் எங்கள் வீடு இருக்கிறது. அதைக் கட்டியவன் ஜோசையா த்ரால். இருநூற்றெண்பது வருடம் ஆகிறது. அவன் வம்சத்தில் வந்த லோயிஸ், ஓர் அக்டோபர் காலையில் கதவைத் தட்டினாள். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நர்ஸ். தன் முன்னோரைத் தேடி ஊர் ஊராக அலைந்துகொண்டிருந்தாள்.

காபி குடித்துக்கொண்டே சிக்கலைச் சொன்னாள். ஜோசையாவின் முதல் மனைவி ஸெர்வையா. கல்யாணம் நடந்ததற்குப் பதிவு இருக்கிறது, செத்ததற்கு இல்லை. கல்லறையும் இல்லை. கல்யாணத்துக்கு அடுத்த சில வருடங்களின் தேவாலயப் பதிவேட்டை எலி தின்றுவிட்டது. 1741இல் அவன் மெஹிட்டபெல் என்ற விதவையைக் கட்டிக்கொண்டான். அதற்குப் பிறகு ஐந்து குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் நடந்திருக்கிறது. பதிவில் அப்பன் பேர் மட்டும்தான். கடைசிப் பிள்ளை ஏசா, லோயிஸின் நேர் மூதாதை.

"அதுல என்ன சிக்கல்?" என்றார் என் கணவர் எல்வுட்.

"மெஹிட்டபெல்லோட கல்லறையப் பாத்தேன். கல்யாணத்தப்பவே அவளுக்கு அம்பத்தோரு வயசு."

"அதுக்கப்புறம் அஞ்சா! என்ன சாப்பிட்டாளாம்? கேட்டுச் சொல்லுங்க, வித்தே பணக்காரனாயிடுறேன்."

லோயிஸும் சிரித்தாள். "யாராவது வேலைக்காரியா இருக்கும்னு நெனக்கிறேன்."

வீட்டைச் சுற்றிப் பார்க்கப் போனவள் வடக்குப் பக்கத்தில் நின்றுவிட்டாள். "ரோவேனா, கூரைக்குக் கீழ சின்னதா ஒரு துவாரம் இருக்கே, அது எந்த ரூமோடது?"

எந்த அறையுடையதும் இல்லை. பதினெட்டு வருடமாக நாங்கள் அதைப் பற்றி யோசித்ததே இல்லை. எல்வுட் தச்சர். சமையலறையை உள்ளேயும் வெளியேயும் அளந்து பார்த்தார். கேலியெல்லாம் நின்றுபோனது. கடப்பாரையை எடுத்து வந்து, கணப்புக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு பலகையை நெம்பினார்.

புகைபோக்கிக்குப் பின்னால் ஓர் இடம் இருந்தது. காலை நீட்டிப் படுக்க முடியாது. தரையோரமாக, ஒரு கிண்ணம் நுழையுமளவு திறப்பு. அதைப் பிற்பாடு யாரோ மரத்தால் அடைத்திருக்கிறார்கள். சமையலறைப் பக்கத்துப் பலகையில், உட்கார்ந்திருப்பவரின் காது படும் உயரத்தில், மரம் தேய்ந்து வழவழவென்று குழிந்திருந்தது.

அதற்குக் கீழே ஆணியால் கீறிய ஐந்து பெயர்கள், எழுத்துப் பிழையோடு. கடைசியில் ஏசா.

லோயிஸ் அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாக விரலால் தடவினாள். "பேரு வெச்சவங்க வேற யாரோ," என்றாள் மெதுவாக. "சமையல்கட்டுல கூப்பிடுறத இங்கேருந்து கேட்டுக் கேட்டு, இங்க அடைஞ்சு கிடந்தவ எழுதியிருக்கா."

"வேலைக்காரியா?" என்றேன்.

"வேலைக்காரிய எதுக்கு ஒளிச்சு வைக்கணும்? பொண்டாட்டி செத்துட்டாள்னு ஊருக்குச் சொல்லிட்டா, அப்பதான் அவள ஒளிச்சு வைக்கணும்."

பிறகு அவளே உள்ளே போய் உட்கார்ந்தாள். பலகையை மூடச் சொன்னாள். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. எல்வுட் பலகையைச் சாத்திவைத்தார். நாங்கள் இருவரும் மேஜையருகே நின்றோம்.

"பாவம், புத்தி கலங்கிடப் போகுது," என்று அவர் காதில் கிசுகிசுத்தேன்.

"கொஞ்ச நேரம் விடு. தானா கூப்பிடுவா."

காத்திருந்தோம். வீடு அமைதியாக இருந்தது. கெட்டிலில் தண்ணீர் கொதிக்கும் சத்தம் மட்டும். அப்புறம் எனக்குத்தான் பொறுக்கவில்லை, பலகையை இழுத்தேன். லோயிஸின் முகமெல்லாம் கண்ணீர். விரல் முட்டிகள் சிவந்திருந்தன.

"எத்தன தடவ கூப்பிட்டேன்! தட்டினேன். கேக்கலையா?"

எங்களுக்கு எதுவுமே கேட்கவில்லை.

"எனக்குப் புத்தி கலங்கல, ரோவேனா," என்றாள். "நீங்க மூச்சு விடுறதுகூட இங்க கேக்குது."

தன் வம்ச அட்டவணையில் ஏசாவின் தாய் என்று ஸெர்வையாவின் பெயரை எழுதிக்கொண்டாள். ஆதாரம் போதாது என்று வம்சாவளிச் சங்கத்தார் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். அவள் அழிக்கவில்லை. அதற்கப்புறம் இந்தப் பக்கம் வரவும் இல்லை.

எல்வுட் அந்தப் பலகையைத் திரும்ப அடிக்க இரண்டு முறை சுத்தியலோடு போனார். இரண்டு முறையும் அடிக்காமல் திரும்பி வந்தார். இப்போது அது திறந்தேதான் கிடக்கிறது. குளிர்காலத்தில் அந்த வழியாகச் சில்லென்று காற்று வருகிறது. சால்வையைப் போர்த்திக்கொண்டு சாப்பிடுகிறோம். சாப்பாட்டு மேஜையில் எங்கள் பேச்சு குறைந்துவிட்டது.