காலடியில் ஒரு நாற்றுமுடி

ஜப்பான் என்றால் எங்கள் தெருவுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: கயிறு பிடித்து வரிசையாக நடும் நடவு. வேலை இரட்டிப்பு, கூலி பழைய கூலி. அதனால், எங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஜப்பானிலிருந்து ஒரு பெண் படிக்க வருகிறாள் என்றதும் என் அம்மா எல்லையம்மாள், "அவ எந்தக் கயித்த எடுத்துக்கிட்டு வர்றாளோ" என்றாள்.

வந்தவள் பெயர் யோஷிகோ. என் வயசுதான். நாடு விட்டு நாடு மாணவர்களை அனுப்பும் ஏதோ ஒரு சங்கம் அவளை அனுப்பியிருந்தது. பள்ளியின் தாளாளர் மிராசுதார் காயாரோகணம் வீட்டில் தங்கினாள். கோட்டையில் ஆட்சி மாறியதும் துண்டின் கரையை மாற்றிக்கொண்டவர் அவர். நிலம் மட்டும் கை மாறவில்லை. மந்திரி வந்தாலும் கலெக்டர் வந்தாலும் அவர் வீட்டில்தான் சாப்பாடு. இப்போது ஜப்பானுக்கும் அங்கேதான்.

அவர் மகள் கமலவல்லி வகுப்பில் முதல் பெஞ்சு. நான் கடைசி பெஞ்சு. காலையில் வகுப்பைக் கூட்டுவது கடைசி பெஞ்சின் வேலை. யாரும் சட்டம் போடவில்லை. துடைப்பம் எப்படியோ சேரிப் பிள்ளைகள் கைக்கே வந்து சேரும். யோஷிகோ வந்த மறுநாளே என் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டாள். அவள் ஊரில் படிக்கிறவர்களேதான் வகுப்பைப் பெருக்குவார்களாம், டாக்டர் மகளானாலும். விருந்தாளி கூட்டுவதைப் பார்த்துக்கொண்டிருக்கத் தலைமையாசிரியை பிரகதாம்பாளுக்குக் கூச்சமாகிவிட்டது. பெஞ்சுக்கு ஒரு நாள் என்று முறை வைத்தார். முதல் பெஞ்சின் முறை வரும்போதெல்லாம் கமலவல்லிக்குக் காய்ச்சல் வந்துவிடும்.

யோஷிகோ வீட்டிலும் நெல் விவசாயம். அவர்கள் உழுவதும் ஒரு காலத்தில் பண்ணையார் நிலம்தானாம். உலகச் சண்டையில் ஜப்பான் தோற்ற பிறகு சர்க்காரே அதை வாங்கி உழுகிறவனுக்குக் கொடுத்ததாம். இதை அவள் சரித்திர வகுப்பில் சொன்னபோது டீச்சர் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினார். எனக்கு அன்றைக்குத்தான் சரித்திரம் பிடித்தது.

குறுவை நடவின்போது அவளை வயலுக்கு அழைத்துப் போனேன். எங்கள் தெருப் பெண்கள் ஒரு கட்டு நாற்றை, நாற்றுமுடியை, அவள் காலடியில் வைத்துக் கை நீட்டினார்கள். நடவு வயல் பக்கம் யார் வந்தாலும் அப்படிக் கேட்பது எங்கள் ஊர் வழக்கம். கேட்டவளை வெறுங்கையோடு அனுப்பக்கூடாது. முடியைத் தாண்டியும் போகக்கூடாது. போனால் வெள்ளாமைக்கு ஆகாது. அவளிடம் காசில்லை. தலையிலிருந்த சிவப்பு ரிப்பனை அவிழ்த்துக் கொடுத்தாள். அம்மா அதைக் கொண்டையில் கட்டிக்கொண்டு அன்று முழுதும் நட்டாள். சாயங்காலம், "புள்ள நல்ல புள்ளதான்" என்றாள்.

சம்பா நடவில்தான் எல்லாம் கெட்டது. கூலி நெல்லில் அரை மரக்கால் கூட்டிக் கேட்டுத் தெரு முழுக்க வேலைநிறுத்தம். போன மார்கழியில் கிழக்கே கூலி கேட்டவர்களைக் குடிசைக்குள் வைத்துக் கொளுத்திய கொடுமைக்குப் பிறகு, கூலி என்ற சொல்லையே தாழ்ந்த குரலில் சொன்ன காலம் அது. இருந்தும் ஒருத்தியும் வயலில் கால் வைக்கவில்லை. நாற்றங்காலில் நாற்று முற்றிக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மிராசுதார் யோஷிகோவை வயல் பார்க்க அழைத்துப் போனார். வேலைநிறுத்தம் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. முற்றிய நாற்றைப் பார்த்தால் விவசாயி வீட்டுப் பிள்ளைக்குக் கை சும்மா இருக்குமா? இறங்கி நான்கைந்து வரிசை நட்டுவிட்டாள். மிராசுதார் போட்டோ எடுக்கச் சொன்னார். பொழுது சாய்வதற்குள் அவருடைய காரியக்காரர் கடைத்தெரு முழுக்கச் சொல்லிவிட்டார்: "சீமையிலேர்ந்து வந்த புள்ளைக்கு இருக்கற அக்கறை இவளுங்களுக்கு இல்லையே."

தெரு என் அம்மா மேல் பாய்ந்தது. கட்டுப்பாட்டை உடைத்தவள் உன் மகளின் சிநேகிதி. ஒரு பக்கம் கூலி கேட்டுவிட்டு மறுபக்கம் மகளின் சிநேகிதியை விட்டு நடச் சொல்கிறாயா? அம்மா வீட்டுக்குள் போனாள். என் பையை எடுத்துப் பரணில் போட்டாள். "போதும்டி நீ படிச்சது" என்றாள். அந்த வருஷம் நான் எஸ்.எஸ்.எல்.சி. எங்கள் தெருவில் அதுவரை எந்தப் பெண்ணும் அவ்வளவு தூரம் வந்ததில்லை. யோஷிகோ மேல் எனக்கு வந்த கோபத்தில் அவள் எதிரே நின்றிருந்தால் அடித்திருப்பேன்.

நான் வராததைக் கண்டு அவளே தேடி வந்தாள். நடந்ததை எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். கேட்கக் கேட்க அவள் முகம் வெளுத்துவிட்டது. அம்மா படலுக்கு உள்ளேயிருந்தே பேசினாள்.

"நட்ட கையால பிடுங்கச் சொல்லு. அப்புறம்தான் நீ பள்ளிக்கூடம் போறது."

காந்தி ஜெயந்தி அன்று விடிந்ததும் யோஷிகோ வயலில் நின்றாள். வரப்பில் தெரு முழுவதும் நின்று பார்த்தது. அவள் நட்டது ஒன்று விடாமல் பிடுங்கினாள். சேறு அலசி, முடியாகக் கட்டி, நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள். அம்மா என் பக்கம் திரும்பி, "போ" என்றாள்.

காந்தி நூற்றாண்டு என்று பள்ளியில் விழா. மிராசுதார் கொடியேற்றி, கதர் மாலையோடு அகிம்சையைப் பற்றிப் பேசி முடித்து இறங்கினார். யோஷிகோ முழங்கால் சேறோடு நேரே அவர் எதிரே போனாள். நாற்றுமுடியை அவர் காலடியில் வைத்துக் கை நீட்டினாள்.

அவர் சிரித்தார். "பாருங்க, நம்ம வழக்கத்த எவ்வளவு நல்லா கத்துக்கிட்டிருக்கு" என்று சுற்றிலும் சொல்லிவிட்டு, ஜிப்பாப் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து நீட்டினார்.

அவள் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, எங்களிடம் கற்ற தமிழில் சொன்னாள்: "காசு வேணாங்க. அவங்க கேட்ட நெல்லு குடுங்க."

நீட்டிய கையை அவள் மடக்கவில்லை. மிராசுதாரின் சிரிப்பு போயிற்று. நோட்டைப் பைக்குள் திணித்தார். காலைத் தூக்கி, நாற்றுமுடியைத் தாண்டிப் போனார்.

அங்கே இருந்தவர்கள் எல்லாம் நெல் விளைகிற ஊர்ப் பிள்ளைகள். "ஐயோ" என்று ஒரு குரல் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். கமலவல்லி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

சாயங்காலமே யோஷிகோவைக் காரில் ஏற்றிச் சென்னைக்கு அனுப்பிவிட்டார்கள். என்னிடம் சொல்லிக்கொள்ளக்கூட விடவில்லை. மறுநாள் விடிவதற்குள் வெளியூர் ஆட்களும் போலீஸ் லாரியும் வந்தன. வெளியூர் ஆட்கள் நட்டார்கள். வரப்பில் மறித்த எங்கள் பெண்களை லாரியில் ஏற்றினார்கள். அம்மா லாரியிலிருந்தே கத்தினாள்: "ராஜாத்தி, பள்ளிக்கூடத்த விட்டுடாதடி."

அழுத முகத்தைக் குழாயடியில் கழுவிக்கொண்டு போனேன். வகுப்பு வாசலில் பிரகதாம்பாள் டீச்சர் துடைப்பத்தோடு நின்றிருந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"இனிமே பழையபடி நீயே கூட்டிடும்மா. தாளாளர்கிட்ட இன்னும் பேச்சு வாங்க என்னால முடியாது."

வாங்கிக்கொண்டேன். நான் வேறென்ன செய்வது? நான் குனிந்தபோது முதல் பெஞ்சிலிருந்து யாரோ எழுந்து வரும் சத்தம் கேட்டது. கமலவல்லி. கண் வீங்கியிருந்தது, ராத்திரி தூங்கவில்லை போல.

"இன்னிக்கு எங்க பெஞ்சு முறை, டீச்சர்" என்றாள்.

டீச்சர் வாசலை விட்டு நகர்ந்தார். கமலவல்லி என் கையிலிருந்து துடைப்பத்தை வாங்கினாள். நான் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். அவளுக்குக் கூட்டவே தெரியவில்லை. குப்பையை முன்னாலிருந்து பின்னால் தள்ளித் தள்ளிக் கடைசியில் என் பெஞ்சுக்கு அடியில் கொண்டுவந்து சேர்த்தாள். குனிந்தபடியே நின்றாள்.

நான் காலைத் தூக்கிக்கொண்டேன்.