சம்பந்தி வீட்டு லோடு

மொரப்பூர்ப் பக்கத்து மாம்பழக்கூழ் ஆலையில் கேட் சீட்டை இன்று முதல் கம்ப்யூட்டர்தான் அடிக்கிறது. ஆக்சஸ் மென்பொருளில் அதற்கான கொயரியை, அதாவது எந்த வண்டிக்கு என்ன சீட்டு என்று முடிவு செய்யும் கட்டளையை, எழுதியவள் நான். அதனால் திட்டு வாங்குபவளும் நான்தான். வண்டியில் வரும் பழத்தின் சாற்றில் இனிப்பு மீட்டர்படி பதினாலுக்குக் குறையாமல் இருந்தால் ‘உள்ளே’, இல்லையென்றால் ‘திருப்பு’. ஒரே ஒரு கண்டிஷன்.

எல்லா வண்டிக்கும் ஒழுங்காக வந்த சீட்டு, பச்சியப்பன் வண்டிக்கு மட்டும் ‘திருப்பு’ என்று வந்தது. வருஷக்கணக்காகப் பழம் போடுகிறவரையே உன் பெட்டி விரட்டுகிறதே என்று மேலாளர் என் தலைக்குமேல் நின்று பொரிந்தார். வெளியே வெயிலில் பழம் வெந்துகொண்டிருந்தது. அடைப்புக்குறியை எண்ணினேன், கமாவை மாற்றினேன். ‘திருப்பு’. பிறகுதான் அளவுகளைப் பதியும் டேபிளைத் திறந்தேன். அவர் வரியில் இனிப்பு அளவே இல்லை, கட்டம் காலி. காலி பதினாலைவிடப் பெரிதா என்றால் அந்தச் சனியனுக்குத் தெரியாது. தெரியாததெல்லாம் அதற்கு ‘இல்லை’தான். காலிக்கு அதன் பாஷையில் நல். ஈக்வல் டு நல் என்று எழுதிப் பார்த்தேன். நல் எதற்கும் சமமில்லையாம், தனக்கே சமமில்லையாம். சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

சாறு பிழிந்து அளக்கும் தீர்த்தகிரி அண்ணனைக் கூப்பிட்டுக் கேட்டேன். மகளைப் பச்சியப்பன் வீட்டில்தான் கொடுத்திருக்கிறார்.

“சம்பந்தி வூட்டுப் பழத்த நான் எப்புடிம்மா அளந்து பாக்கறது? எம் பொண்ணு அங்க வாழ வேணாமா?”

இத்தனை நாளும் நோட்டில் அந்த வண்டிக்கு அவர் காலியாக விடுவார், கேட்டில் தலையாட்டி உள்ளே அனுப்புவார்கள். காலியென்றால் ‘உள்ளே’ என்று போட்டுத் தொலை என்றார் மேலாளர். போட்டால் நாளைக்கு ஊரே அளக்காமல் காலிக் கட்டத்தோடு வரும். காலியா என்று கேட்கும் இஸ்நல்லை வைத்து, காலியென்றால் ‘சோதிக்கவும்’ என்று எழுதினேன். அப்படியே வந்தது.

பச்சியப்பன் சீட்டைப் படித்தார். தானே கூடையிலிருந்து நாலு பழத்தை எடுத்து நீட்டினார்.

“அளந்து பாருங்க சம்பந்தி. எனக்கென்னங்க பயம்.”

தீர்த்தகிரி அண்ணன் பிழிந்தார். மீட்டரை வெகுநேரம் கண்ணிலிருந்து எடுக்கவேயில்லை. பிறகு என் மேஜைக்கு வந்து குனிந்தார்.

“பன்னெண்டுதாம்மா. காலியாவே வுட்டுரட்டுமா?”

விட்டால் மறுபடியும் சோதிக்கத்தான் சொல்லும் என்றேன். எனக்கு அழுகை வந்தது. அவரே பன்னிரண்டு என்று தட்டினார். ‘திருப்பு’ என்று சீட்டு வந்தது. கண்டிஷனில் இப்போது ஒரு தப்பும் இல்லை. அந்தச் சீட்டைப் பச்சியப்பனிடம் யார் கொண்டுபோய்க் கொடுப்பது என்று இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றோம்.