பச்சை மையில் ஒரு ஸ்பீக்

எங்கள் குடிநீர் அலுவலகத்தில் ஒரு கோப்பு செத்துவிட்டது என்பதற்கு அடையாளம், அதன் ஓரத்தில் பச்சை மையில் ‘ஸ்பீக்’ என்று எழுதியிருப்பது. வந்து என்னிடம் பேசு என்று அதிகாரி சொல்வதாக அர்த்தம். அது புத்தகத்தில். இருபத்திரண்டு வருடம் கோப்பு தூக்கியவள் என்ற முறையில் அதன் நிஜமான உபயோகங்கள் எனக்கு அத்துப்படி. தேதி போடாத ஸ்பீக் என்றால் ஐயா படிக்கவே இல்லை. தேதி இருந்தால் படித்தார், புரியவில்லை. அடியில் இரண்டு கோடு இழுத்திருந்தால் நன்றாகவே புரிந்துவிட்டது, கையெழுத்துப் போடப் பயம். ஒருமுறை கழிப்பறைக் குழாய் ஒழுகுகிறது என்று எழுதிய கோப்பிலும் ஸ்பீக் வந்தது. குழாயோடு பேசச் சொல்கிறாரா என்று டைப்பிஸ்ட் கேட்டாள்.

எங்கள் பிரிவுக்கு இதில் ஒரு சட்டம் உண்டு. இயற்றியவள் நான். “ஸ்பீக்னு வந்தா நாமளா போய் நிக்கக் கூடாது. வேணும்னா அவரே கூப்பிடுவாரு. கூப்பிடலைன்னா பேசாம கீழ் அலமாரியில வச்சிடணும். வலியப் போனா வேலை நம்ம தலையிலதான் விழும்.” இதற்காகவே எனக்கு அகராதி அக்கா என்று பெயர். அறிவைப் பாராட்டி வைத்த பெயர் என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

அப்படியிருக்க, கிளை அலுவலகத்தில் ஒரே ஒரு இடம் காலியானது. என் வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. இப்போதோ இரண்டு பேருந்து மாறி, போக வர நான்கு மணி நேரம். என் வீட்டுக்காரருக்கு பேக்கரியில் இரவு வேலை. நான் உள்ளே நுழையும்போது அவர் செருப்பு மாட்டிக்கொண்டிருப்பார். அவர் திரும்பும்போது நான் பேருந்தில் இருப்பேன். போனில் பேசலாமே என்பீர்கள். எனக்கு நேரம் கிடைக்கும்போது அவர் தூங்குவார், அவர் விழித்திருக்கும்போது கை மாவில் இருக்கும். எனக்கு லீவு நாளென்றால் பேக்கரியில் கூட்டம், அன்று பகலிலும் அவர் அங்கேதான். ஆறு வருடமாக எங்கள் குடும்பம் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிய சீட்டுகளில்தான் நடக்கிறது. ‘கேஸ் தீர்ந்தது.’ ‘உன் அண்ணன் வந்தான், போய்விட்டான்.’ அந்த இடம் மட்டும் கிடைத்தால் மாலையில் ஒரு மணி நேரமாவது மனுஷனின் முகத்தைப் பார்க்கலாம்.

மனுப் போட்டேன். மூன்றாம் நாள் திரும்பி வந்தது. ஸ்பீக். அடியில் இரண்டு கோடு.

“அக்கா, போய்ப் பேசிடுங்களேன்,” என்றாள் டைப்பிஸ்ட்.

“பயப்படுறாரு. பயம் தெளிஞ்சதும் கூப்பிடுவாரு.”

நான் போட்ட சட்டத்தை நானே மீறினால் நாளைக்கு எவள் மதிப்பாள்? இரண்டு தடவை கதவு வரை போய்த் திரும்பினேன். ஐந்து வாரம் ஓடிவிட்டது.

ஆறாவது வாரம் திங்கட்கிழமை உத்தரவு வந்தது. இடம் தபால் பிரிவுக்காரருக்கு. அவர் மனுவிலும் ஸ்பீக்தானாம். எங்கள் சட்டம் தெரியாத அப்பாவி. படித்தார், நேரே உள்ளே போனார், பேசினார். ஐந்து நிமிடம்.

கதவைக்கூடத் தட்டாமல் உள்ளே போனேன். அதிகாரி சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார்.

“சார், என் மனு என்னாச்சு?”

“ஸ்பீக்னு எழுதியிருந்தேனேம்மா.”

“நீங்க கூப்பிடுவீங்கன்னு இருந்தேன்.”

“நீங்க வருவீங்கன்னு நான் இருந்தேன். அவசரம்னு ரெண்டு கோடு வேற போட்டேன்.” டப்பாவை மூடினார். “நான் வந்து மூணு வருஷமாச்சு. எழுதி எழுதி அனுப்புறேன், உங்க பிரிவுலேருந்து ஒருத்தர் வந்ததில்ல. என்னைப் பிடிக்கலை போலன்னு விட்டுட்டேன்.”

“அந்தக் குழாய் கோப்பு?”

“எந்த மாடிக் கழிப்பறைன்னு நீங்க எழுதவே இல்லையேம்மா. அதைக் கேக்கத்தான்.”

இருபத்திரண்டு வருட ஞானம் அந்தக் குழாய் வழியாகவே ஒழுகிப் போனது. அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு வீட்டுக்குக் கிளம்பினேன். வழியெல்லாம் என்னையே திட்டிக்கொண்டு வந்தேன்.

வீட்டில் தண்ணீர் எடுக்க ஃப்ரிட்ஜைத் திறக்கப் போனவள் அப்படியே நின்றேன். கதவின் அடிப்பகுதியில், பழைய சீட்டுகளோடு அவர் கையெழுத்தில் ஒன்று. ‘பேசணும்.’ ஒட்டி ஐந்து நாளாகிறது. புதன்கிழமையே பார்த்தேன். தேதி போடவில்லை, பெரிய விஷயமாக இருக்காது என்று பேசாமல் கீழே நகர்த்தியது நான்தான்.

தலையணையை முகத்தில் கவிழ்த்துத் தூங்கிக்கொண்டிருந்தவரை உலுக்கினேன். பதறி எழுந்தார்.

“என்ன, யாருக்கு என்ன?”

“பேசணும்னு எழுதியிருந்தீங்களே. பேசுங்க.”

“இப்பவா?” கண்ணைக் கசக்கினார். “பகல் ஷிஃப்ட்டுக்கு வர்றியான்னு முதலாளி கேட்டாரு. விடியக்காலை அஞ்சு மணிக்குக் கிளம்பணும், உன் தூக்கம் கெடும். சாயங்காலம் வீட்டுல இருப்பேன். இன்னைக்குள்ள சொல்லணும். நீ ஒண்ணும் சொல்லலையே, இஷ்டமில்லை போலன்னு இருந்தேன்.”

“இதை அந்தச் சீட்டுலயே எழுதித் தொலைச்சிருக்கலாம்ல?”

“எழுதியிருக்கலாம். ஆனா உன்கூட உக்காந்து பேசி எவ்வளவு நாளாச்சு.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. வரட்டும் என்று விட்டேன். அவர் பாட்டுக்கு எழுந்து சட்டையை மாட்டினார்.

“சரின்னு ஒரு லெட்டர் எழுதிக் குடுத்துடட்டுமா?”

“பேனாவைத் தொட்டீங்க, கையை ஒடிச்சிடுவேன்,” என்றேன். “வாயால சொல்லுங்க. நடங்க, நானும் வர்றேன்.”